முழுங்கிய பிழை

பிலோமினா மூன்றாவது தடவை வந்த அன்றுதான் அவளை உட்காரச் சொன்னேன். முதல் இரண்டு தடவையும் "புகார் எண் வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பார்த்து மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

என் பெயர் தில்லைநாயகி. அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பழைய போல்ட் தொழிற்சாலையை இடித்துவிட்டுக் கட்டிய கட்டடத்தில் பத்தொன்பது வருஷமாகப் பராமரிப்பு வேலை. பராமரிப்பு என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். எவனோ அவசரமாக எழுதிவிட்டு வேறு கம்பெனிக்குத் தாவிப்போன புரோகிராமை உட்கார்ந்து கழுவுகிற வேலை. கழுவிக் கழுவி எனக்கு அலுத்துப்போய்விட்டது.

கீழ்த்தளத்தில் எங்கள் கூடம். நானூறு கட்டில்கள். காலை பத்து மணிக்கு ஜனங்கள் வந்து படுப்பார்கள், தலையில் கம்பிவலைக் குல்லாயை மாட்டிக்கொள்வார்கள், மதியம் இரண்டு மணிக்கு எழுந்து போவார்கள். "தலை குடுக்கப் போறேன்" என்று ஊரில் சொல்கிறார்களே, அதுதான். மனித மூளையில் முகங்களை அடையாளம் காண்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அந்த வேலையில் அதை மிஞ்ச இதுவரை எந்த இயந்திரத்தாலும் முடியவில்லை. அதனால் அந்த இடத்தை நாங்கள் நான்கு மணி நேரம் இரவல் வாங்குகிறோம். உள்ளே இருக்கிற முகங்களை முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்வோம். காலியான இடத்தில் எங்கள் வேலை நடக்கும். விமான நிலையம், வங்கி, பரீட்சை மண்டபம் என்று ஊரில் எங்கெல்லாம் கேமரா முகம் பார்க்கிறதோ, அங்கெல்லாம் "இவர் இன்னார்" என்று சொல்வது இந்தக் கட்டில்களில் படுத்திருக்கும் தலைகள்தான். வேலை முடிந்ததும் நகலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்புவோம்.

பிலோமினா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நாற்பது வயதிருக்கும். பேசும்போது கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு பேரு இருதயராஜ், மேடம். கட்டிலு இருநூத்தி ஆறு. போன மாசம் அஞ்சாந்தேதி தலை குடுத்துட்டு வந்தாரு. வந்ததுலேர்ந்து ஒரு மூஞ்சியும் தெரியல அவருக்கு."

"தெரியலன்னா? பார்வை மங்கலா இருக்கா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. மூக்கு தெரியுது, வாய் தெரியுது. யாருன்றதுதான் தெரியல. கண்ணாடில தன் மூஞ்சியப் பாத்துட்டே 'யார்ரா இவன்'னு கேக்குறாரு. ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு. ஏறுனவன் யாரு, காசு குடுத்தவன் யாருன்னு புரியாம தெனமும் சண்டை. வண்டிய நிறுத்திட்டாரு. என்னையே கொரல வெச்சுத்தான் கண்டுபுடிக்கிறாரு."

"சரிம்மா."

"அதனால நான் பேசிக்கினே இருக்கேன். ஆக்கும்போது, துவைக்கும்போது, தெருவுல நடக்கும்போது. நான் வாய மூடிட்டேன்னா யாரோ வேத்து ஆளு ஊட்டுக்குள்ள நிக்கிற மாதிரி பதறிடறாரு." கைக்குட்டையை எடுத்துப் பார்த்து, மடித்து, மறுபடியும் வைத்துக்கொண்டாள். "எனக்கு நாக்குல புத்து, மேடம். இருபத்தாறாந்தேதி ஆபரேஷன். பாதி நாக்கும் இந்தப் பக்கத்துத் தாடையும் எடுத்துடுவாங்களாம். கொரலும் இருக்காது, மூஞ்சியும் இப்படி இருக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்பறம் எதை வெச்சு அவருக்கு என்னைத் தெரியும்? நீங்களே சொல்லுங்க."

அன்று தேதி பதினேழு. கேன்டீனிலிருந்து அவளுக்குப் பால் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, என் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

அஞ்சாம் தேதிப் பதிவில் எந்தக் கோளாறும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். எங்கள் தளத்துச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. புரோகிராமில் எங்காவது கோளாறு வந்தால் அது சிவப்பாகும். சிவப்பானால் எங்கள் மேலாளர் ஸ்ரீவத்சன் மாடியிலிருந்து இறங்கி வருவார். இறங்கி வந்தால் இரண்டு மணி நேரம் கூட்டம், "ஏன், எதற்கு, எப்படி" என்று மூன்று அறிக்கை. அந்த இம்சைக்குப் பயந்து எங்கள் குழு ஒரு வழக்கம் கண்டுபிடித்தது. கோளாறு வந்தால் பலகைக்குப் போகும் முன்பே அதைப் பிடித்து, ஒன்றுமே செய்யாமல், யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுவது. எங்களுக்குள் அதற்குப் பெயர் "முழுங்கு". புதிதாகச் சேருகிறவர்களிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே "முழுங்கு போட்டியா?" என்பதுதான். பலகை ஆறு வருஷமாகப் பச்சை. அதற்காகக் கேக் வெட்டியிருக்கிறோம், வெட்கக்கேடு.

அரை மணி நேரத்தில் அந்த இடம் கிடைத்துவிட்டது. எழுதியவன் கனடா போய்விட்டான். "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"என்னா ஆச்சு மேடம்? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள் பிலோமினா.

"வாடகைப் பாத்திரக் கடை தெரியுமில்ல? கல்யாணத்துக்கு அண்டா எடுத்துட்டுப் போறாங்க. சமையல் முடிஞ்சதும் கழுவித் திருப்பிக் குடுக்கணும். எங்க புரோகிராமும் அப்படித்தான். முதல் வரி, அண்டாவ எடு. அப்பறம் சமையல். கடைசி வரி, அண்டாவத் திருப்பிக் குடு. நடுவுல பந்தியில அடிதடி ஆகி எல்லாரும் ஓடிட்டா? கடைசி வரிக்கு யாருமே வந்து சேர மாட்டாங்க. அண்டா அங்கயே கெடக்கும்."

"அப்போ இவரோட மூஞ்சியெல்லாம்?"

"நகல் பத்திரமா இருக்கு. இடத்தைத்தான் திருப்பிக் குடுக்கல. அவர் தலைக்குள்ள அந்த எடம் இன்னும் பூட்டியிருக்கு. சமையல் எப்படி நாசமாப் போனாலும் திருப்பிக் குடுக்கறது நடந்தே ஆகணும்னு தனியா ஒரு வரி எழுதணும். நாலு வார்த்தை. அதை எழுதல."

"சரி, சண்டையாயிப் போச்சு, ஓடிட்டாங்க. கடைக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அவனாவது போய் எடுத்தாந்திருப்பான்."

"சொல்ல வேண்டாம்னுதாம்மா எழுதி வெச்சிருக்கோம்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாலை ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தாள்.

பட்டியல் எடுத்துப் பார்த்தேன். இருதயராஜ் ஒருவர் இல்லை. இந்த வருஷம் மட்டும் அறுபத்தொரு பேர். அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஸ்ரீவத்சன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. பட்டியலைப் பார்த்து உண்மையாகவே உச்சுக் கொட்டினார்.

"பாவம். ஆனா இப்ப எப்படி எடுப்பீங்க நாயகி மேடம்? எந்த வேலை எந்த எடத்தைப் புடிச்சு வெச்சிருக்குங்கற சீட்டே காணாமப் போயிருக்குமே?"

"போயிடுச்சு. மொத்தத்தையும் ஒரு தடவை நிறுத்தி எழுப்பினா தானா எல்லாம் விடுபடும். நகலும் திரும்ப உள்ள போயிடும்."

"அப்ப ஆயுத பூஜைக்குப் பண்ணிடலாம்."

எங்கள் இயந்திரங்கள் வருஷத்தில் ஒரே ஒருநாள்தான் நிற்கும். ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, மறுநாள் எழுப்புவோம். இடையில் நிறுத்தினால் ஊர் முழுக்க விமானமும் வங்கியும் நிற்கும்.

"சார், இப்ப ஆனி மாசம். ஆயுத பூஜைக்கு நாலு மாசம் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு ஒன்பது நாள்தான் இருக்கு."

"எனக்குப் புரியாமலா? அறுபத்தொரு பேருக்காக ஒரு ஊரையே நிறுத்த முடியுமா, சொல்லுங்க." பேப்பரைக் கவிழ்த்து வைத்தார். "பலகைல ஒண்ணும் வரலையே?"

"பலகைல எப்படி சார் வரும்? அதுக்குத்தானே முழுங்கு போட்டிருக்கோம்! ஆறு வருஷமா எல்லாத்தையும் முழுங்கிட்டு ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருக்கோம்!"

கத்திவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது.

போகவில்லை. புரோகிராமை மேலிருந்து கீழ்வரை படித்தேன். தலை கொடுப்பவர் விலகிக்கொள்ளும் ராஜினாமா வழியாகப் போனால் "எடுத்தது இன்னும் திரும்பவில்லை" என்று தடுத்தது. சரிதான், நாமே எடுத்துவிட்டு நாமே தடுப்போம். கடைசியில் ஒரே ஒரு வழி இருந்தது. தலை கொடுப்பவர் இறந்துபோனால் அவர் கணக்கை மூடும் பகுதி. அதை எழுதியவள் யாரோ ஒழுங்கானவள். எந்த வேலை எந்த இடத்தைப் பிடித்திருந்தாலும், சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்று விடாமல் திருப்பிக் கொடுக்கும்படி எழுதியிருந்தாள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. அடுத்த வரியைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

மறுநாள் காலை இரண்டு பேரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னேன். இருதயராஜ் உயரமான மனிதர். பிலோமினா வழி நெடுக "படி இருக்கு, இது மேடம், இப்ப உக்காரலாம்" என்று பேசிக்கொண்டே அழைத்து வந்தாள். அவர் கண்கள் என் முகத்தில் நிற்காமல் அலைந்தன.

"உங்களைச் செத்துட்டதா பதிவு பண்ணணும்" என்றேன்.

"பண்ணிக்கோங்க. ரேசன் கார்டு போயிடுமா?"

"இல்ல, எங்க பதிவுல மட்டும்தான். இனிமே நீங்க தலை குடுக்க முடியாது."

"அந்தக் கர்மத்துக்கு யாரு வரப்போறா? அவ்ளோதானா?"

"அவ்ளோ இல்ல. செத்தவங்களுக்கு எடத்தைத் திருப்பிக் குடுக்கும்போது நகலை வைக்க மாட்டாங்க. செத்தவருக்கு எதுக்கு முகமெல்லாம்னு நெனச்சு, நகலையும் அழிச்சுட்டு, எடத்தையும் சுத்தமாத் தொடைச்சுக் குடுக்கும். அதை மாத்தலாமான்னு பாத்தேன். நகல் இருக்கற பெட்டிய எங்களால தொட முடியாது. உங்களுக்கு முகம் பாக்கற சக்தி திரும்ப வந்துடும். ஆனா பழைய முகம் ஒண்ணுகூட இருக்காது. எல்லாரையும் புதுசாத்தான் கத்துக்கணும். இன்னொண்ணும் சொல்லிடறேன். உயிரோட இருக்கற ஆளுக்கு இதை இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல."

பிலோமினா பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர் உடனே பதறி, "பிலோ?" என்றார்.

"இங்கதான்யா இருக்கேன். மேடம், ஆயுத பூஜை வரிக்கும் பொறுத்தா?"

"எல்லா முகமும் அப்படியே திரும்பி வரும். உன் முகமும்."

"எந்த மொகம்?"

ஆபரேஷனுக்கு முந்தைய முகம்தான். ஊரிலேயே இல்லாத ஒரு முகத்தை அவர் மனைவி என்று தெரிந்துகொண்டு, எதிரே நிற்பவளை யாரென்று கேட்பார். அது அவளுக்கும் புரிந்தது.

"எங்கம்மா மொகம்?" என்றார் இருதயராஜ்.

"ஃபோட்டோ இருந்தா பாத்துக் கத்துக்கலாம்."

"ஃபோட்டோ இல்ல. வெள்ளத்துல எல்லாம் பூடுச்சு."

கேன்டீனில் யாரோ தட்டுகளைத் தடதடவென்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"வேணாம்யா. அத்தை மொகம் போனா போனதுதான். பூஜை வரிக்கும் இருக்கட்டும். நான் பேச முடியலன்னா கைய இப்படித் தட்டறேன். நானுன்னு தெரிஞ்சுக்கோ. இல்லன்னா, மேடம், ஆபரேசன் முடிஞ்சப்பறம் இதைப் பண்ணிடலாமா? புதுசா வர்ற மொகத்தையே நேராக் கத்துக்கட்டும். பழசு எதுக்கு ரெண்டு வேலை?"

"தே, சும்மா கெட" என்றார் அவர். "எங்கம்மா செத்துப் பதினோரு வருசமாவுது. நீ இருக்க. ஒம்போது நாளோ எட்டு நாளோ, இப்ப இருக்கற உன்னை நான் பாக்கணும். அப்பறம் மாறுனா மாறுனதையும் பாத்துக் கத்துக்கறேன். எனக்கு என்னா வேலை?" பிறகு என் குரல் வந்த பக்கம் திரும்பினார். "எங்க படுக்கணும்?"

காலை பதினொன்றே முக்காலுக்கு இருநூற்றாறாம் கட்டிலில் படுத்தார். குல்லாயை நானே மாட்டினேன். முகப் பகுதியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று இரண்டு வரி சேர்த்திருந்தேன். இருதயராஜ், இறப்பு, உறுதி செய்க. அழுத்தினேன். அப்படியே, போகிற போக்கில், அந்த முழுங்கையும் புரோகிராம் முழுக்க எடுத்து எறிந்துவிட்டு, எழுத வேண்டிய நாலு வார்த்தையை அந்தந்த இடத்தில் எழுதினேன்.

பத்து நிமிஷம் எதுவும் இல்லை. அப்புறம் அவர் கண்ணைத் திறந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பிலோமினா. இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போது முகத்தில் நின்றது.

"ரெண்டு பேர்ல யாரு?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்திய ஒரு மனிதரை இப்படிக் கேட்கவைத்துவிட்டோம்.

"நான்தான்யா" என்றாள் பிலோமினா.

அவர் அவள் பக்கம் திரும்பி, நெற்றியில் ஆரம்பித்துக் கீழே தாடைவரை பார்த்தார். வீங்கிய கன்னத்தையும் பார்த்தார்.

"நீதானா? பரவால்ல. நல்லாத்தான் கீற."

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசியில் செய்தி வந்தது. வாங்கிப் படித்தேன். "திரு. இருதயராஜ் அவர்களின் மறைவுக்கு எங்கள் நிறுவனத்தின் ஆழ்ந்த இரங்கல். மலர்வளையம் வந்துகொண்டிருக்கிறது." அதை நிறுத்த மறந்துவிட்டேன். பிலோமினா சிரிக்கப்போய் வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதையும் பார்த்தார். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் பார்வையை எடுக்கவே இல்லை. அவள் வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடியபோது அதை விலக்கிவிட்டார்.

ஸ்ரீவத்சன் ஒன்றரை மணிக்குக் கூடத்துக்கே வந்தார். எங்கள் தளத்துப் பலகை முழுக்கச் சிவப்பு. இரைந்து பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொல்லிட்டாங்க மேடம்."

"சரி சார். பாக்கி அறுபது பேர் பட்டியல் உங்க மேஜைல இருக்கு. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு என்ன வேணும்னு கேளுங்க. நான் கேட்ட மாதிரி கேளுங்க. நீங்களா முடிவு பண்ணாதீங்க."

அவர் தலையாட்டினார். செய்வாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மணிக்கு மற்றவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரே சளசளப்பு. மோர் வாங்க வரிசை. பிலோமினா அவருக்காக ஒரு டம்ளர் வாங்கிவரப் போனாள். போனவள் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டாள். அவளைப் போலவே நீலச் சேலை கட்டியவர்கள் அங்கே பத்துப் பேராவது இருந்தார்கள். இருதயராஜ் கட்டிலை விட்டு எழுந்து நின்றார். "பிலோ" என்று கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வரிசையை ஒட்டி நடந்தார். ஒரு பெண்ணின் முன்னால் நின்றார், இல்லை என்று நகர்ந்தார். இன்னொருத்தியிடம் தயங்கினார். பிலோமினா அவரைப் பார்த்துவிட்டாள். பழக்கதோஷத்தில் பேச்சைத் தொடங்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் அவள் முன்னால் வந்து நின்றுவிட்டார். மோர் டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பேசாத பிலோ" என்றார். "வலிக்கும். நீ பேச வேணாம். எனக்குத் தெரியுது."